கணினியின் காட்சி மொழியை மாற்றுவது எப்படி? திரும்பி வரும் வழியோடு ஒரு வழிகாட்டி

உறவினர் ஒருவர், வேறொருவர் பயன்படுத்திக் கொடுத்த மடிக்கணினியை ஒருநாள் என்னிடம் கொண்டுவந்தார். திரை முழுக்க எங்கள் இருவருக்கும் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத மொழி. கணினி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு வாரமாக மூடியே வைத்திருந்திருக்கிறார். சரிசெய்யப் பத்து நிமிடம்தான் ஆனது. எழுத்தைப் படிக்க முடியாததால் படங்களையும் வரிசையையும் வைத்தே வழியைப் பிடித்தோம்.

அதன்பிறகு யாருக்கு மொழி மாற்றிக் கொடுத்தாலும், திரும்பி வரும் வழியை முதலில் காட்டிவிட்டுத்தான் மாற்றுகிறேன். பலரும் தமிழில் கணினியை வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். "ஏதாவது ஆகிவிட்டால்?" என்ற பயம்தான் தடுக்கிறது. மொழியை மாற்றுவதால் உங்கள் கோப்புகள் எதுவும் அழியாது, செயலிகள் எதுவும் போகாது. மெனுக்களிலும் பட்டன்களிலும் எச்சரிக்கைச் செய்திகளிலும் தெரியும் சொற்கள் மட்டும்தான் மாறும். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

எதை மாற்றப் போகிறோம்?

கணினியில் மொழி என்பது ஒரே பொத்தான் அல்ல. மூன்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் "மாற்றினேன், ஆனால் ஒன்றும் மாறவில்லை" என்ற புகார் வருகிறது.

முதலாவது காட்சி மொழி. மெனு, அமைப்புகள், செய்திகள் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது. இந்தக் கட்டுரை இதைப் பற்றியதுதான்.

இரண்டாவது உள்ளீட்டு மொழி, அதாவது கீபோர்டு. தமிழில் தட்டச்சு செய்வது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் காட்சி மொழியைத் தொடவே வேண்டாம். தமிழ் கீபோர்டைச் சேர்த்தால் போதும்.

மூன்றாவது வட்டார வடிவம். தேதி, நேரம், எண், நாணயம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை இது முடிவு செய்கிறது. 04/05 என்று எழுதினால் அமெரிக்க வடிவத்தில் அது ஏப்ரல் 5, பிரிட்டன் வடிவத்தில் மே 4. ஜெர்மன் வடிவத்தில் தசமப் புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளி வரும். விரிதாளில் கணக்குப் பார்ப்பவர்கள் காட்சி மொழியை மாற்றும்போது இதையும் கைதவறி மாற்றிவிட்டால், பழைய வடிவத்தில் தட்டும் எண்களை விரிதாள் எழுத்தாக எடுத்துக்கொள்ளலாம். மொழி வேறு, வடிவம் வேறு. காட்சி மொழியைத் தமிழாக்கிவிட்டு வடிவத்தை இருந்தபடியே விடலாம்.

இன்னொன்று. தமிழ் எழுத்து திரையில் தெரிவதும், கணினி தமிழில் பேசுவதும் ஒன்றல்ல. விண்டோஸ் 2000 காலத்திலேயே தமிழ் எழுத்துகளைக் காட்டும் வசதி வந்துவிட்டது. மெனுக்கள் தமிழில் வர வேண்டும் என்றால் ஒவ்வொரு சொல்லையும் யாராவது மொழிபெயர்த்திருக்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்புகளின் தொகுப்பைத்தான் மொழிப்பொதி அல்லது லாங்குவேஜ் பேக் என்கிறோம். நாம் செய்யப்போவது அதை இறக்கி நிறுவி, இதைப் பயன்படுத்து என்று கணினிக்குச் சொல்வதுதான்.

தொடங்கும் முன்

திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்து மூடுங்கள். எந்த இயங்குதளமானாலும் கடைசியில் வெளியேறி மீண்டும் உள்ளே வரச் சொல்லும், அல்லது கணினியை மறுபடி தொடங்கச் சொல்லும்.

அப்புறம், மொழி அமைப்பு இருக்கும் பக்கத்துக்குப் போகும் வழியில் ஒவ்வொரு திரையையும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு படங்கள் போதும். புதிய மொழியில் பக்கம் வேறு மாதிரி தெரிந்தாலும் பட்டன்கள் இருக்கும் இடம் மாறாது. அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழி என்றால் மட்டும் திரை கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும்.

தயக்கம் அதிகம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. காட்சி மொழி ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. சோதனைக்கென்று புதிதாக ஒரு கணக்கு தொடங்கி, அதில் மட்டும் மொழியை மாற்றிப் பாருங்கள். உங்கள் கணக்கு தொடப்படாமல் அப்படியே இருக்கும். ஒரே கணினியை வீட்டில் பலர் பயன்படுத்துகிறார்கள் என்றால் ஆளுக்கொரு கணக்கு வைத்து, ஆளுக்கொரு மொழியும் வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ்

திரை இப்போது ஆங்கிலத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விண்டோஸ் 11 படிகள் இவை. விண்டோஸ் 10 எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்கிறேன்.

1. கீபோர்டில் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு ஆங்கில ஐ (I) எழுத்தைத் தட்டுங்கள். செட்டிங்ஸ் திறக்கும். இந்தக் குறுக்குவழி மனதில் இருக்கட்டும், பின்னால் உதவும்.

2. இடது பக்கப் பட்டியலில் கடிகாரப் படம் போட்ட டைம் அண்ட் லாங்குவேஜ் என்பதை அழுத்தி, உள்ளே லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போங்கள். விண்டோஸ் 10 என்றால் உள்ளே லாங்குவேஜ் என்று மட்டும் இருக்கும்.

3. ஆட் எ லாங்குவேஜ் என்ற பட்டனை அழுத்தினால் ஒரு நீண்ட பட்டியலும் தேடல் பெட்டியும் வரும். வேண்டிய மொழியின் பெயரைத் தேடுங்கள். ஒரே மொழி பல நாடுகளின் பெயரோடு பல வரிகளில் வரலாம். பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறியீடுகள் இருக்கும். எந்தக் குறியீடு எதற்கு என்ற விளக்கம் அந்தச் சாளரத்திலேயே உண்டு. காட்சி மொழிக்கான குறியீடு இருக்கிற வரியைத்தான் எடுக்க வேண்டும். அது இல்லாத வரியை எடுத்தால் கீபோர்டு வரும், மெனு மாறாது.

4. அடுத்த பக்கத்தில் மொழிப்பொதி, பேச்சு, கையெழுத்து என்று தேர்வுகள் வரும். மொழிப்பொதி தேர்வாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மற்றவை உங்கள் விருப்பம். இதையே காட்சி மொழியாக வை என்று ஒரு கட்டமும் இருக்கும். உடனே மாற்ற விரும்பினால் அதையும் குறித்துவிட்டு இன்ஸ்டால் கொடுங்கள்.

5. இறக்கம் முடியும் வரை காத்திருங்கள். முடிந்ததும் வெளியேறச் சொல்லும். வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் புதிய மொழி.

கட்டத்தைக் குறிக்க மறந்தாலும் பரவாயில்லை. லாங்குவேஜ் அண்ட் ரீஜன் பக்கத்தின் மேலேயே விண்டோஸ் டிஸ்ப்ளே லாங்குவேஜ் என்ற விரிபட்டியல் இருக்கிறது. நிறுவிய மொழிகள் அதில் வரிசையாகத் தெரியும். பிற்பாடு எப்போது மாற்ற வேண்டும் என்றாலும் அதே இடம்தான்.

இறக்கம் நடுவில் நின்றுவிட்டால், இணைய இணைப்பு மீட்டர்டு (டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிக்கும் அமைப்பு) என்று அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொழிப்பொதி விண்டோஸ் அப்டேட் அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வருவதால், அவற்றைத் தடுத்து வைத்திருந்தால் இதுவும் வராது. அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். அங்கே கணினிப் பிரிவில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும், உங்கள் உரிமம் ஒரே ஒரு காட்சி மொழியைத்தான் அனுமதிக்கிறது என்ற செய்தி சிலருக்கு வரும். இது உங்கள் தவறு அல்ல. விண்டோஸ் ஹோம் பதிப்பில் சிங்கிள் லாங்குவேஜ் என்று ஒரு வகை உண்டு. புது மடிக்கணினிகள் பலவற்றில் அதுதான் போட்டு வரும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் போனால் பதிப்பின் பெயர் தெரியும். மேலே சொன்ன படிகளைத் தொடங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. புரோ பதிப்புக்கு மாறினால் இந்தத் தடை போய்விடும், ஆனால் அதற்குப் பணம் கட்ட வேண்டும். மொழிக்காக மட்டும் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரவுசரையும் அலுவல் செயலிகளையும் தனியாக வேண்டிய மொழிக்கு மாற்றிக்கொண்டாலே நாளின் பெரும்பகுதி அந்த மொழியில் கழியும்.

உள்ளே எல்லாம் மாறிவிட்டது, ஆனால் கடவுச்சொல் கேட்கும் முதல் திரை மட்டும் பழைய மொழியிலேயே இருக்கிறதா? அதற்கு லாங்குவேஜ் பக்கத்திலிருந்து அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்குவேஜ் செட்டிங்ஸ் போய், காப்பி செட்டிங்ஸ் அழுத்தி, வெல்கம் ஸ்கிரீன் என்ற கட்டத்தைக் குறிக்க வேண்டும். நிர்வாகி உரிமை உள்ள கணக்கில்தான் இது நடக்கும்.

கடவுச்சொல் தவறு என்று வந்தால்

புதியவர்கள் அதிகம் பதறுவது இங்கேதான், அதனால் தனியாகச் சொல்கிறேன். விண்டோஸில் ஒரு மொழியைச் சேர்க்கும்போது அதன் கீபோர்டும் கூடவே வந்துவிடும். அடுத்த முறை உள்ளே வரும்போது கீபோர்டு தமிழில் இருந்தால், நீங்கள் தட்டும் ஆங்கிலக் கடவுச்சொல் தமிழ் எழுத்துகளாகப் போகும். புள்ளி புள்ளியாகத் தெரிவதால் கண்ணுக்குத் தெரியாது. சரியான சொல்லைத்தான் தட்டுகிறோம், கணினியோ தவறு என்கிறது. கடவுச்சொல்லை மாற்றும் வேலையில் இறங்கிவிடாதீர்கள். திரையின் கீழ் வலது மூலையில் கீபோர்டு மொழியின் சுருக்கப் பெயர் இருக்கும். அதை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினாலும் மாறும். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால் என்ன எழுத்து விழுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

மேக்

மேக்கில் வேலை குறைவு. இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் மெனுவிலிருந்து சிஸ்டம் செட்டிங்ஸ் திறந்து, ஜெனரல், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போங்கள். 2022-இல் வந்த வென்ச்சுரா பதிப்புக்கு முந்தைய மேக் என்றால் சிஸ்டம் பிரிஃபரன்சஸ் என்று இருக்கும். மொழிப் பட்டியலின் கீழ் உள்ள கூட்டல் குறியை அழுத்தி வேண்டிய மொழியைச் சேருங்கள். முதன்மை மொழியாக வைக்கட்டுமா என்று கேட்டால் ஒப்புக்கொண்டு, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

சேர்க்கும் பட்டியலில் நடுவே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே உள்ள மொழிகளில்தான் மேக் முழுவதும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. கீழே உள்ளதைச் சேர்த்தால், அந்த மொழியை ஆதரிக்கும் செயலிகளும் இணையதளங்களும் மட்டும் மாறும், மேக்கின் மெனுக்கள் மாறாது. உங்கள் மொழி கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பட்டியலின் வரிசை முக்கியம். முதல் மொழியில் ஒரு செயலிக்கு மொழிபெயர்ப்பு இல்லை என்றால் இரண்டாவது மொழியில் காட்டும். அதனால் நன்றாகப் படிக்கத் தெரிந்த மொழி ஒன்று இரண்டாவது இடத்தில் இருக்கட்டும். அதே பக்கத்தில் அப்ளிகேஷன்ஸ் என்ற பகுதியில் ஒரு குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் தனி மொழி வைக்கலாம். கணினி முழுவதும் ஆங்கிலத்தில், தமிழை ஆதரிக்கும் ஒரு செயலி மட்டும் தமிழில் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

உபுண்டு

உபுண்டு என்பது லினக்ஸ் வகை இயங்குதளம். அதன் செட்டிங்ஸில் ரீஜன் அண்ட் லாங்குவேஜ் பக்கத்துக்குப் போங்கள். 24.04 பதிப்பில் அது சிஸ்டம் என்ற பகுதிக்குள் இருக்கிறது. அங்கே மேனேஜ் இன்ஸ்டால்டு லாங்குவேஜஸ் என்பதை அழுத்தினால் லாங்குவேஜ் சப்போர்ட் என்ற சிறு சாளரம் திறக்கும். மொழி ஆதரவு முழுமையாக நிறுவப்படவில்லை என்று சொன்னால் நிறுவ அனுமதி கொடுங்கள். பிறகு இன்ஸ்டால் ஆர் ரிமூவ் லாங்குவேஜஸ் அழுத்தி, வேண்டிய மொழியைக் குறித்து, அப்ளை கொடுத்துக் கடவுச்சொல்லைத் தட்டுங்கள்.

நிறுவினால் மட்டும் மாறாது. மொழிப் பட்டியலில் புதிய மொழியை மவுஸால் பிடித்து இழுத்து மேலே, ஆங்கிலத்துக்கும் மேலே வைக்க வேண்டும். பலர் இந்த இடத்தைத் தவறவிட்டு, நிறுவியும் மாறவில்லையே என்று தேடுகிறார்கள். எல்லாப் பயனர்களுக்கும் உள்நுழைவுத் திரைக்கும் சேர்த்து மாற்ற அப்ளை சிஸ்டம் வைடு அழுத்துங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் அது வேண்டாம். வெளியேறி மீண்டும் வாருங்கள்.

வந்தவுடன் ஒரு கேள்வி கேட்கும்: டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் போன்ற கோப்புறைகளின் பெயர்களையும் புதிய மொழிக்கு மாற்றட்டுமா? படிக்காமல் சரி என்று அழுத்திவிடாதீர்கள். விண்டோஸும் மேக்கும் கோப்புறையின் பெயரை மொழிபெயர்த்துக் காட்டினாலும் வட்டில் உண்மையான பெயர் ஆங்கிலத்திலேயே இருக்கும். உபுண்டுவில் அப்படி இல்லை, பெயரே மாறிவிடும். டவுன்லோட்ஸ் என்ற இடத்தில் கோப்பு இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள், பேக்கப் அமைப்புகள், நீங்களே போட்டு வைத்த குறுக்குவழிகள் எல்லாம் இடம் தெரியாமல் நிற்கும். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) கோப்புறையின் பாதையைத் தட்டும்போதும் ஒவ்வொரு முறையும் கீபோர்டை மாற்ற வேண்டிவரும். பழைய பெயர்களையே வைத்துக்கொள் என்ற பட்டனைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த முறை கேட்காதே என்ற கட்டத்தையும் குறித்துவிடலாம். முற்றிலும் புதிதாக நிறுவிய கணினி, நிரல் எழுதும் வேலையும் இல்லை என்றால் மட்டும் பெயர்களைத் தமிழாக்கிக்கொள்ளலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

மாறாமல் நிற்கும் செயலிகள்

எல்லாம் முடிந்தும் சில செயலிகள் பழைய மொழியிலேயே நிற்கும். விண்டோஸில் குரோம் பிரவுசரின் செட்டிங்ஸில் லாங்குவேஜஸ் போய், மொழியின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, அந்த மொழியில் காட்டச் சொல்லலாம். மேக்கிலும் லினக்ஸிலும் குரோம் கணினியின் மொழியைப் பின்பற்றும், தனியாக மாற்ற வேண்டியதில்லை. பயர்பாக்ஸில் செட்டிங்ஸின் ஜெனரல் பகுதியிலேயே லாங்குவேஜ் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆபிஸில் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ். அதில் காட்சி மொழியும் நீங்கள் எழுதும் மொழியும் தனித்தனியாக இருக்கும், பிழைதிருத்தி இரண்டாவதைத்தான் பார்க்கும்.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது மொழிப்பொதியின் கோளாறு அல்ல, அந்த மொழிக்கான எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு கூடவே வருவதால் தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. லினக்ஸில் கட்டங்கள் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள்.

படிக்கத் தெரியாத மொழியில் மாட்டிக்கொண்டால்

கைபேசியில் கேமரா வழியாக மொழிபெயர்க்கும் செயலி இருந்தால் திரையின் முன் அதைப் பிடியுங்கள், பாதி வேலை முடிந்தது. அது இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது.

விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசையும் ஆங்கில ஐ (I) எழுத்தும் எந்த மொழியிலும் செட்டிங்ஸைத் திறக்கும். ஓரப் பட்டியலில் கடிகாரப் படத்தைத் தேடுங்கள். ஆள் படம் போட்ட கணக்குகள் வரிக்கு அடுத்தது அது. அதை அழுத்தினால் உள்ளே முதல் வரி தேதியும் நேரமும், இரண்டாவது வரி மொழி. அந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் விரிபட்டியலைத் திறந்தால் நிறுவிய மொழிகள் அவரவர் எழுத்திலேயே தெரியும், தமிழ் தமிழாகவும் இங்கிலீஷ் ஆங்கில எழுத்திலும். உங்கள் மொழியைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் ஒரு பட்டன் தோன்றும், அது வெளியேறுவதற்கானது. அழுத்துங்கள். உங்கள் மொழி விரிபட்டியலில் இல்லை என்றால் அதே பக்கத்தில் உள்ள சேர்க்கும் பட்டன் வழியாகப் போக வேண்டும். தேடல் பெட்டியில் உங்கள் மொழியின் பெயரை அதன் எழுத்திலேயே தட்டிப் பாருங்கள். உறவினரின் மடிக்கணினியை நாங்கள் மீட்டது இந்த வழியில்தான்.

மேக்கில் ஆப்பிள் மெனுவைத் திறந்து மேலிருந்து இரண்டாவது வரி. அதற்குள் பல்சக்கரப் படம், அதற்குள் உருண்டைப் பூகோளப் படம். உங்கள் மொழியை இழுத்துப் பட்டியலின் உச்சியில் வையுங்கள். உபுண்டுவில் வலது மேல் மூலையை அழுத்தினால் பல்சக்கரம் தெரியும். 24.04 என்றால் அதைத் திறந்து பட்டியலின் அடிக்கு நகர்ந்து சிஸ்டம் பகுதிக்குள் போங்கள். அங்கிருந்து உபுண்டு பகுதியில் சொன்ன வழியிலேயே மொழிப் பட்டியலுக்குப் போய், உங்கள் மொழியை இழுத்து உச்சியில் வையுங்கள்.

முதல் சில நாட்கள்

விண்டோஸின் தமிழ் மொழிப்பொதி முழு மொழிபெயர்ப்பு அல்ல. ஆழமான சில பக்கங்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஏதோ பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்து மறுபடி நிறுவ வேண்டாம். சில பட்டன்களில் நீளமான தமிழ்ச் சொல் இடம் போதாமல் வெட்டுப்பட்டுத் தெரியும்.

ஆங்கில மெனுவில் பழகிய கைக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் தடுமாற்றம் இருக்கும். உதவிக்கு இணையத்தில் தேடினால் பெரும்பாலான விளக்கங்கள் ஆங்கிலப் பெயர்களைத்தான் சொல்லும், அப்போது மொழியைச் சற்று நேரம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவருக்காக மாற்றுகிறீர்கள் என்றால் தயங்கவே தயங்காதீர்கள். எச்சரிக்கைச் செய்தி வரும்போதெல்லாம் அடுத்தவரைக் கூப்பிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட ஒருவர், தானே படித்து ஆம், இல்லை என்று முடிவு செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தவறான அல்லது புரியாத மொழிபெயர்ப்பு கண்ணில் பட்டால் அதைக் குறித்து வையுங்கள். பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ், உபுண்டுவின் க்னோம் முகப்பு ஆகியவற்றின் தமிழாக்கத்தில் தன்னார்வலர்களின் உழைப்பு இருக்கிறது. பயர்பாக்ஸுக்கு பான்டூன், லிப்ரே ஆபிஸுக்கு வெப்லேட் என்ற தளங்களில் கணக்கு தொடங்கி, எந்தச் சொல்லுக்கு எது பொருத்தம் என்று நீங்களே பரிந்துரைக்கலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஏற்கப்பட்டால் அடுத்து வரும் பதிப்புகளில் உங்கள் சொல் எல்லோருடைய திரையிலும் வரும்.